ரத்தம் சொல்லும் சேதி: காதில் வாங்குவது யார்?

வாய்ப் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவரின் கையில் ஒரு சீட்டு இருக்கும். சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டுதான். "ரத்தம் எவ்வளவு இருக்கு?" என்று பார்த்துவிட்டு ஃபைலில் சொருகி விடுகிறார்கள். அதிலே இன்னொரு சேதியும் இருக்கிறது!

ரத்த வெள்ளை அணுக்களில் நியூட்ரோபில் ஒரு ரகம்; உடம்பில் அழற்சி கண்டால் பெருகும். லிம்போசைட் இன்னொரு ரகம். புற்றை எதிர்த்துச் சண்டை போடும் படை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 60-ம் 30-ம் என்றால் விடை 2. 80-ம் 16-ம் என்றால் 5. வாய்ப் புற்றுநோயாளிக்கு இந்த விடை ஏற ஏற, பிழைத்திருக்கும் காலம் குறைவதாகப் பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆல்புமின் என்ற புரதம் இறங்குவதும் கெட்ட அறிகுறியே.

தனிச் செலவு ஒரு பைசா கிடையாது. வகுத்தல் கணக்குத் தெரிந்தால் போதும்!

ஜோசியம் அல்ல!

சொத்தைப் பல்லில் சீழ் பிடித்தாலும் இந்த எண் ஏறும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் ஏறும். இதற்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடும் இல்லை. இந்த எண்ணைக் காட்டி "புற்றைக் கண்டுபிடிக்கிறோம்" என்று யாராவது காசு கேட்டால் ஏமாறாதீர்கள். சதையைக் கிள்ளியெடுத்துச் சோதிப்பதுதான் முடிவான சோதனை.

பின்னே எதற்கு இந்தக் கணக்கு? எண் மோசமான ஆளை "அடுத்த மாசம் வாய்யா" என்று திருப்பி அனுப்பாமல் இருக்கத்தான்! வாய் திறக்க முடியாமல் கஞ்சித் தண்ணியில் உயிர் பிடிப்பவருக்குச் சத்துணவுக்கு வழி செய்யலாம். சீழ் இருந்தால் வைத்தியம் பார்க்கலாம். வராமல் நின்றுவிட்டால் ஆள் விட்டுக் கூப்பிடலாம்.

கண்ணால் பார்த்தாலே போதும்

திருவனந்தபுரம் வட்டாரத்தில் சுகாதார ஊழியர்கள் ஜனங்களின் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். அவ்வளவுதான்! புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005-ல் வெளியான முடிவு இது.

தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-லேயே தடை வந்தாச்சு. மறைவு வியாபாரம் ஓயவில்லை. பாக்கு மட்டும் மென்றாலும் புற்று வரும் என்பது பல பேருக்குத் தெரியவில்லை.

வாயில் 2 வாரமாக ஆறாத புண்ணா? வெள்ளைத் திட்டா, சிவப்புத் திட்டா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அரசு ஆஸ்பத்திரிகள் அந்த ஒரு எண்ணையும் சீட்டிலே எழுதட்டும். ஏழையின் ரத்தத்தை எடுத்தால் மட்டும் போதாது. அது சொல்வதையும் கேட்க வேண்டும். அதிகாரிகள் கவனிப்பார்களா?