மேடையில் போரை எப்படி ஆடுவது?

ஆண்டு விழா வந்துவிட்டால் பள்ளி மேடையில் ஒரு போர் நடனம் இருந்தே தீரும். பச்சைச் சட்டை, அட்டைத் துப்பாக்கி, ஒலிபெருக்கியில் குண்டுச் சத்தம், கீழே விழும் ஒரு கூட்டம், கடைசியில் கொடி, அதற்குப் பலத்த கைதட்டல். சிறு வகுப்பிலிருந்தே இதைப் பார்த்தும் ஆடியும் வளர்ந்தவர்கள் நாங்கள். இம்முறை அந்த நடனத்தைப் பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்களே அமைக்க வேண்டும் என்று அருட்சகோதரி கூறியபோது, "இதில் என்ன கஷ்டம்? போன வருஷத்து ஸ்டெப்ஸையே போட்டுவிடலாம்" என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. ஆறு வார ஒத்திகைக்குப் பின், அப்படி எண்ணியதற்காக வெட்கப்படுகிறோம். அதன் காரணத்தைத் தங்கையருக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வது எங்கள் கடமை என்று கருதி இதை எழுதுகிறோம்.

முதல் நாளே சிக்கல் தொடங்கியது. 24 பேரை இரண்டு படைகளாகப் பிரித்தோம். எல்லோருக்கும் ‘நம் படை’யில்தான் இடம் வேண்டும், எதிரியாக ஆட ஒருத்தியும் முன்வரவில்லை. முடிவில், தாமதமாக வந்தவர்களையும் தாளம் தப்பியவர்களையும் எதிரிப் படையில் தள்ளினோம். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "அக்கா, நாளைக்குச் சீக்கிரம் வந்துடறேன், என்னை எதிரியாக்காதீங்க" என்று அழுதாள். அப்போது நாங்கள் சிரித்துவிட்டோம். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் உறைத்தது. அவள் எங்களுக்கு என்ன தீங்கு செய்தாள்? பத்து நிமிடம் தாமதமாக வந்தாள். எதிரி என்று ஒருவரை ஆக்குவது எத்தனை எளிது என்பதை நாங்களே செய்து காட்டியிருந்தோம்.

இரண்டாவது கேள்வியை எழுப்பியவள் எங்கள் தோழி ஒருத்தி. அவளுடைய பாட்டி 1990-இல் மன்னாரிலிருந்து படகேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு நம் பக்கத்துப் புழலுக்கு வந்து சேர்ந்தவர். ஒத்திகையை ஓரமாக நின்று பார்த்த தோழி, "துப்பாக்கி வச்சிருக்கறவங்க எல்லாரும் மேடையில இருக்காங்க. ஓடினவங்க எங்கே?" என்று கேட்டாள். 1983-இல் மூண்டு 2009-இல் முடிந்த அந்தப் போரில், சுட்டவர்களைக் காட்டிலும் மூட்டையும் பிள்ளையுமாக ஓடியவர்களே மிகுதி. எங்கள் நடனத்தில் அவர்களுக்கு ஓர் அடிகூட இடமில்லை.

உடனே எல்லாவற்றையும் மாற்றினோம். ஆறு பேர் சேர்ந்து ஒரு டாங்கியாக ஊர்ந்து வருவது, அதற்கு அரக்க முகம் மாட்டுவது, வழியில் உள்ள குடிசைகளை அது நசுக்குவது என்று அமைத்தோம். எங்களுக்கே மிகவும் பிடித்துப் போயிற்று. ஆனால் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வரும் தோழி ஒருத்தி ஆடாமல் நின்றுவிட்டாள். "எங்க அப்பா செய்யறது அதுதானே? அப்போ அவர் அரக்கனா?" என்றாள்.

இக்கேள்வியை வேறெந்த ஊர் மாணவியும் கேட்டிருக்க மாட்டாள். ஆவடி மாணவிதான் கேட்பாள். 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1971-ஆம் ஆண்டுப் போரில் விஜயந்தாக்கள் களம் கண்டன. பிறகு அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் என்று வரிசையாக இங்கேதான் உருவாயின. அருகிலேயே படைவீரர்களின் சீருடை தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. நம் வகுப்புகளில் எத்தனையோ பேருடைய பள்ளிக் கட்டணமும் புத்தகமும் மதிய உணவும் இந்த வாயில்களுக்குள்ளிருந்து வந்தவையே. விடியற்காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வேலைக்குப் போன தாத்தாக்களையும் அப்பாக்களையும் அரக்கர்கள் என்று மேடையில் சொல்வது நன்றியற்ற செயல். அதைவிட, உண்மையற்ற செயல்.

அப்படியானால் யார் பொறுப்பு? தேடியபோது ஒரு பழைய நடனத்தைப் பற்றி அறிந்தோம். ஜெர்மானியக் கலைஞர் குர்ட் யூஸ் அமைத்த ‘பச்சை மேசை’ என்னும் நடனம் 1932-இல் பாரிஸ் நகரில் அரங்கேறி, அங்கு நடந்த போட்டியில் முதல் பரிசு பெற்றது. கறுப்புக் கோட்டணிந்த கனவான்கள் ஒரு பச்சை மேசையைச் சுற்றி வாதிடுகிறார்கள். பேச்சு முற்றுகிறது, துப்பாக்கி வெடிக்கிறது. அதன் பின் மரணம் ஒரு பாத்திரமாக வந்து போர்வீரனையும் தாயையும் ஒவ்வொருவராக அழைத்துப் போகிறது. இறுதியில் அதே கனவான்கள் அதே மேசைக்குத் திரும்பி, மறுபடி வாதிடத் தொடங்குகிறார்கள். மறு ஆண்டே, தம் குழுவிலிருந்த யூதக் கலைஞர்களை விலக்கச் சொன்ன நாஜிகளுக்கு உடன்படாமல் யூஸ் நாட்டைவிட்டு வெளியேறினார். எங்கள் தோழிக்கு அங்கே பதில் கிடைத்தது. போர் பட்டறையில் தொடங்குவதில்லை, மேசையில் தொடங்குகிறது.

நம் தமிழ் இலக்கணமும் எங்களுக்குத் துணை நின்றது. தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. நம் ஆண்டு விழாப் போர் நடனங்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். வெகுளியில் தொடங்கிப் பெருமிதத்தில் நடந்து உவகையில் முடிந்துவிடும். அச்சமும் அழுகையும் இளிவரலும் எங்கே போயின? எட்டில் மூன்றை மட்டும் ஆடிவிட்டு அதைப் போர் என்று சொல்வது, பாதிப் பாடத்தைப் படித்துவிட்டுத் தேர்வெழுதுவது போன்றதே.

புறநானூற்றில் 62, 63-ஆம் பாடல்களை அப்போதுதான் கருத்தூன்றிப் படித்தோம். கழாத்தலையாரும் பரணரும் பாடியவை. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் பொருது, இருவருமே ஒரே களத்தில் மாண்டனர். வாகை சூட எவரும் மிஞ்சவில்லை. நம் வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களிலும் பதினெட்டாம் போர்க் கூத்து முடிந்ததும், படுகளத்தில் துரியோதனனை மண்ணுருவாகக் கிடத்துவார்கள். அங்கே ஒப்பாரியும் கேட்கும். எதிரிக்கும் அழுவதற்கு ஆள் உண்டு என்பதைப் படிக்காத பாமரர் என்று நாம் நினைப்பவர்கள் மறக்கவில்லை.

பரதத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. வில் பிடிக்கும் கைக்குச் சிகரம். நாண் இழுக்கும் கைக்குக் கடகாமுகம். அதே கடகாமுகம்தான் பூக்கொய்யவும் மாலை ஏந்தவும் பயன்படுகிறது. கை ஒன்றே, அது எதைத் தொடுகிறது என்பதில்தான் வேறுபாடு. இதையே எங்கள் நடனத்தின் அடிப்படையாக வைத்துக்கொண்டோம். அட்டைத் துப்பாக்கிகளைக் கட்டிப் பரணில் போட்டோம். எல்லோருக்கும் ஒரே நிறச் சேலை. பாதி நடனத்தில் இரு அணியும் இடம் மாறும். வில் வளைத்தவள் விழுவாள், விழுந்தவள் வில் வளைப்பாள். அந்த எட்டாம் வகுப்புச் சிறுமி இரண்டு பக்கமும் ஆடினாள். முதற்பகுதியின் முடிவில் அரசர் இருவரும் விழுந்தார்கள். இரண்டாம் பகுதியில் மேசை வந்தது. அதில் அமர்ந்த இருவர் கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை. அன்றைய அரசன் தானும் களத்தில் நின்றான். பிற்காலத்தில் போரை முடிவு செய்கிறவர் களத்துக்கே வருவதில்லை. மேசையைச் சுற்றி மூட்டையுடன் பெண்கள் ஓடினார்கள். அவர்களை முன்நடத்தியவள் புழல் தோழி. விழுந்தவர்கள் எழாமலே திரை விழுந்தது.

எல்லாம் சிறப்பாக நடந்தது என்று பெருமை பேச மாட்டோம். இடம் மாறும் கட்டத்தில் சிலர் குழம்ப, முன்வரிசைக் குழந்தைகள் சிரித்தார்கள். முடிந்ததும் கைதட்டல் உடனே வரவில்லை. "கொடி எங்கேம்மா?" என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். "படைவீரர்களை அவமதித்துவிட்டீர்கள்" என்று ஒருவர் வருத்தப்பட்டார்.

இந்தக் குறைக்கு மரியாதையுடன் பதில் சொல்ல விரும்புகிறோம். நாட்டுக்குக் காவல் வேண்டாம் என்று சொல்லும் அறிவோ அனுபவமோ எங்களுக்கு இல்லை. எல்லையில் நிற்பவர் நிற்பதால்தான் நாம் உறங்குகிறோம். ஆனால் காவலைப் போற்றுவது வேறு. போரைக் கொண்டாடுவது வேறு. ஒத்திகை நாட்களில் ஒரு சனிக்கிழமை, பூவிருந்தவல்லியிலிருந்து மவுண்ட் போகும் சாலையில் நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைக்குச் சென்றோம். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கிறார்கள். ஒரே அளவுக் கற்கள், வரிசை வரிசையாக. வயது பொறித்த கற்களைப் படித்துக்கொண்டே போனோம். பலர் எங்கள் அண்ணன்மாரின் வயதினர். அங்கே நின்றபோது யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. படைவீரனுக்கு உண்மையான மரியாதை, அவன் உயிரை விலையுள்ளதாக எண்ணுவதுதான். மேடையில் அவனை விழச் செய்து, அடுத்த நொடியே கொடிபிடிக்க எழுப்பிவிட்டால், அவன் இழந்தது ஒன்றுமில்லை என்று சொல்லியதாகும்.

ஆதலால் எங்கள் வேண்டுகோள் இதுதான். ஆசிரியப் பெருமக்களே, போர் நடனத்தை நிறுத்த வேண்டாம். அதை மாணவியரே அமைக்க விடுங்கள். எட்டு மெய்ப்பாட்டையும் கேளுங்கள். பெற்றோரே, உங்கள் மகள் எதிரியாக ஆடினால் வருந்தாதீர்கள். தங்கையரே, அடுத்த ஆண்டு இந்த நடனம் உங்கள் கைக்கு வரும். எங்களுடையதை அப்படியே ஆடாதீர்கள். எங்களைவிடச் சிறப்பாக அமையுங்கள். 1968 முதல் திருச்சபை ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளை உலக அமைதி நாளாகக் கொள்கிறது. புத்தாண்டு வாழ்த்து எழுதும் அதே கையால், அன்று ஒரு நிமிடம் கடகாமுகம் பிடித்துப் பாருங்கள். அது பூவைக் கொய்யுமா, நாணை இழுக்குமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.