ஓடம் ஏறிய ஒட்டகச்சிவிங்கி

ஏரி என்றால் ஒரு பக்கம் ஜலம் வந்து சேரும். மறு பக்கம் மதகு வழியாகவோ கலிங்கு வழியாகவோ வெளியே போகும். போகும் வழி இல்லாத ஜலம் வெயிலில் வற்றி வற்றி உப்புக் கரித்துவிடும் என்பதும் நாம் அறிந்ததே. ஆனால் ஆப்பிரிக்காவில், கென்யா தேசத்திலே, பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே பரிங்கோ என்று ஓர் ஏரி இருக்கிறது. அதற்கு மதகும் கிடையாது, கலிங்கும் கிடையாது. ஆனாலும் அதன் ஜலம் நன்னீர்! ஏரியின் அடியில் உள்ள எரிமலைப் பாறைகளின் வெடிப்புகளிலே நீர் கசிந்து பூமிக்குள் போகிறது. போகும்போது உப்பையும் கூடவே கொண்டுபோய்விடுகிறது. தெற்கே சிறிது தூரத்தில் இருக்கும் பொகோரியா ஏரிக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அது உவர் ஏரி. அதை நாடி வருபவை பூநாரைகள்.

நைரோபி நகரிலிருந்து மோட்டாரில் புறப்பட்டு, நகுருவைத் தாண்டி, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்கினோம். இறங்க இறங்கப் பசுமை குறைந்தது; வெயில் ஏறிற்று; முள்மரங்களும் ஆட்டு மந்தைகளுமே கண்ணில் பட்டன. கடைசியில் கம்பி யா சமாகி என்னும் சிற்றூரை அடைந்தோம். ஸ்வாஹிலி பாஷையில் ‘மீன் முகாம்’ என்று அதற்கு அர்த்தம்.

படகில் ஏறினோம். மலைச் சரிவுகளிலிருந்து மண் அடித்து வருவதால் நீர் செம்மண் நிறமாக இருந்தது. கரையோரத்தில் முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்ந்தன. சற்று அப்பால் வரிசையாகக் கறுப்புப் பாறைகள் தெரிந்தன. ஒரு பாறை காதை ஆட்டிற்று! அவை நீர்யானைகள். பகலெல்லாம் ஜலத்தில் கிடந்துவிட்டு, இரவில் கரையேறிப் புல் மேயும் பிராணிகள்.

எங்கள் படகுக்காரர் ஒரு மீனுக்குள் தக்கைத் துண்டைச் செருகி நீரில் எறிந்து சீட்டி அடித்தார். எங்கோ மரத்து உச்சியில் இருந்த வெண்தலை மீன்கழுகு அம்பு போல் வந்து, மிதந்த மீனைக் காலால் கவ்விக்கொண்டு போயிற்று.

இந்தக் கரையில் வாழும் சாமுஸ் ஜனங்கள் மீன் பிடிக்கப் போகும் ஓடத்தைப் பார்த்து நாம் வியந்தோம். தஞ்சாவூரில் கோவில் பொம்மைகள் செய்கிறார்களே, அந்த நெட்டியின் நெருங்கிய இனமான ஒரு செடியின் தண்டுகளைக் கட்டிச் செய்த ஓடம் அது. ஓர் ஆள் உட்கார்ந்து, கைக்கொன்றாகச் சிறு பலகைகளைப் பிடித்துத் துடுப்புப் போட்டுக்கொண்டு, முதலைகளுக்கு நடுவே நிம்மதியாகப் போகிறார்.

கரை இறங்கினால் நமக்குப் பழக்கமான ஒரு முகம்! இராமநாதபுரத்துச் சீமைக் கருவேலந்தான். விறகு கிடைக்கும், மண் அரிப்பு நிற்கும் என்று 1980-களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்து நட்டார்கள். அது மேய்ச்சல் நிலத்தை விழுங்கிற்று. இனிப்பான அதன் நெற்றுகளைத் தின்ற ஆடுகளுக்குப் பல் போயிற்று. 2006-ல் சாமுஸ் மக்கள் அரசாங்கத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். பல் இழந்த ஓர் ஆட்டையே நியாயஸ்தலத்துக்குச் சாட்சியாகக் கூட்டிப் போனார்கள். அதைவிட நல்ல சாட்சி யார் கிடைப்பார்கள்?

இன்னொரு கதையும் கேளுங்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டாற்போல் இருக்கும் ஒருவகை ஒட்டகச்சிவிங்கிக்கு, வால்ட்டர் ரோத்சைல்டு என்ற ஆங்கிலத் தனவந்தரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இந்தப் பிராந்தியத்தில் அந்த இனம் பல்லாண்டுகளாக இல்லாமற் போயிருந்தது. சாமுஸ் மக்களும் அயலாரான போக்கோட் மக்களும் கால்நடைக்காகவும் மேய்ச்சலுக்காகவும் நெடுநாள் சண்டையிட்டவர்கள். இரு தரப்புப் பெரியோர்களும் கூடிப் பேசி, ருக்கோ என்ற பொதுக் காப்பு நிலத்தை அமைத்தார்கள். 2011-ல் அந்த ஒட்டகச்சிவிங்கிகளை வரவழைத்து, ஏரிக்குள் நீண்டிருந்த லாங்கிச்சாரோ முனையில் விட்டார்கள்.

ஏரி சும்மா இருக்கவில்லை. மலைகளில் மழை மிகுந்து நீர் ஏறத் தொடங்கிற்று. ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டராக இருந்தது 2020-க்குள் 200-ஐயும் தாண்டிவிட்டது. வீடுகள், பள்ளிக்கூடங்கள், ஹோட்டல்கள் எல்லாம் மூழ்கின. பிளவுப் பள்ளத்தாக்கின் மற்ற ஏரிகளும் அவ்வாறே பெருகின. லாங்கிச்சாரோ முனை தீவாயிற்று. தீவும் நாளுக்கு நாள் சுருங்கிற்று. அதன்மேல் ஒன்பது ஒட்டகச்சிவிங்கிகள்!

வெறும் பீப்பாய்களின் மேல் இரும்புத் தளம் அமைத்து ஒரு தெப்பம் கட்டினார்கள். முள்மர இலையும் மாம்பழமும் காட்டிப் பழக்கினார்கள். 2020 டிசம்பரில் தொடங்கி 2021 ஏப்ரலுக்குள் ஒன்பதையும் கரை சேர்த்துவிட்டார்கள். கென்ய வனவிலங்கு இலாகாவும் வெளிநாட்டு அன்பர்களும் பொருளும் வித்தையும் கொடுத்து உதவினார்கள். இரவு பகலாகக் காவல் காத்தவர்களோ முன்பு ஒருவர்மேல் ஒருவர் ஆயுதம் எடுத்த இரண்டு சமூகத்தாரின் பிள்ளைகள்.

படகுக்காரரின் வீடும் ஏரிக்குள்தான் போயிற்றாம். “ஏரியின்மேல் உமக்குக் கோபம் இல்லையா?” என்று கேட்டோம். அவர் சிரித்தார். “ஏரி எங்களுடையது. அதனிடம் கோபித்துக்கொண்டு எங்கே போவது?” என்றார்.

தூரத்திலிருந்து வந்த நல்லெண்ணம் சீமைக் கருவேலத்தை நட்டது. கரையில் வாழ்பவர்களைக் கேட்டுச் செய்த காரியம் ஒட்டகச்சிவிங்கியைக் கரை சேர்த்தது. திட்டம் போடுகிறவர்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நலம்.

ரோத்சைல்டின் பெயர் பெற்ற அந்தப் பிராணிக்குப் ‘பரிங்கோ ஒட்டகச்சிவிங்கி’ என்றும் ஒரு பெயர் உண்டு. நாம் இனி அதையே வழங்குவதாகத் தீர்மானித்துவிட்டோம். நேயர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.