நேர்முகமும் நாமும்

2022-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம், ஈராண்டுப் பணிக்கு 30 இளைஞர்களை நாடியது. முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகம் என மூன்று படிகள். அவ்வறிவிப்பின்படி பொறியியல் பயின்றோர்க்கு இளநிலைப் பட்டத்தில் முதல் வகுப்பு போதும். கலை, அறிவியல் மாணவர்க்கோ முதுநிலையில் முதல் வகுப்பு வேண்டும். இவ்வேற்றுமை நியாயமன்று என்பதே என் கருத்து.

நிற்க. அதற்காக நாம் சோர்ந்திருத்தல் தகாது. நேர்முகம் என்றதும் நம்மவர் ஆங்கிலத்தை எண்ணி அஞ்சுகின்றனர். ஆனால் அங்கே வேண்டுவது விவரமும் தெளிவுமே. மானியக் கோரிக்கையின்போது துறைதோறும் வெளியாகும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது. உணவுத் துறைக் குறிப்பைப் படித்துவிட்டு, நம் ஊர் நியாயவிலைக் கடை வரிசையில் நின்று பாருங்கள்; ஏட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள இடைவெளி புலப்படும். அதைப் பேசக் கற்பதே பயிற்சி.

ஆகவே, அக்குறிப்புகளை நூலகத்தில் வைத்து, மாதம் ஒருமுறை மாதிரி நேர்முகம் நடத்திடப் பேராசிரியப் பெருமக்கள் முன்வர வேண்டும்.