எலும்புக்கு உரம், சிறுநீரகத்திற்குச் சுமை



எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து இன்றியமையாதது. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் போதும் என 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வரையறுத்தது. ஆயினும், மூட்டு நோகிறதென்று மருத்துவரைக் கேளாமலே கால்சியம் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர் நம்மிடையே உளர். அளவு மிஞ்சினால் மலச்சிக்கலும் சிறுநீரகக் கல்லும் நேரலாம்; இரும்புச் சத்து மாத்திரையுடன் உண்டால் அதன் பயன் குன்றும். அமெரிக்காவில் ஏறத்தாழ 36,000 பெண்களிடம் ஏழாண்டுகள் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் உண்டோரிடம் சிறுநீரகக் கல் 17 விழுக்காடு மிகுந்திருந்தது. பாலும் கேழ்வரகும் நெத்திலியும் அளவோடு தரும் சத்தில் இவ்வச்சம் அரிது. தேனையும் அளவோடு உண்ணச் சொன்னார் நீதிமொழிகள் ஆசிரியர். மருத்துவர் எழுதித் தந்ததை நிறுத்தவும் வேண்டாம். எழுதாததைக் கூட்டவும் வேண்டாம். உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த உடைமையன்றோ!