ஒரு நாள் ராஜபாட்டை

“யார் சார் உங்களைத் துரத்துகிறார்கள்?” என்று கேட்டார் எங்கள் தெருப் பெரியவர். காலை நாலரை மணி. அவர் பால் வாங்க வந்தவர். நான் அரைக்கால் சட்டையும் புது ஷூவுமாக ஓடப் புறப்பட்டவன். ஐம்பத்திரண்டு வயது வரை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு அர்த்தத்திலும் வயிறு வளர்த்த ஓர் எழுத்தாளனைப் பார்த்து அப்படிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அன்று சிரித்து மழுப்பினேன். எட்டு மாதம் பழகி, ஜனவரியில் சென்னை மாரத்தானை ஓடி முடித்துவிட்ட இப்போது அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் செம்பாக்கம் ஓட்டக் கூட்டத்தில் பதினாறு பேர். பாங்க் குமாஸ்தா, மருந்துக்கடைக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள், ஓர் ஆசிரியை. நாள்தோறும் கொஞ்சம், ஞாயிறுதோறும் நீண்ட ஓட்டம். பத்து கிலோமீட்டர் பதினைந்தாயிற்று, பதினைந்து முப்பதாயிற்று. பேச்சு மூச்சு முட்டாமல் வருகிற வேகமே சரியான வேகம் என்று கற்றேன். உடம்பு சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்து முப்பது கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்து போகும், அதற்குமேல் ஓடுவது கால் அல்ல, பிடிவாதம் என்றும் கற்றேன். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்புக் குறைந்து உயிருக்கே ஆபத்து என்பதும் அங்கே தெரிந்ததுதான்.

ஆனால் ஏன் கூட்டமாக ஓடுகிறோம்? கூடி ஓடினால் உற்சாகம் என்பார்கள். மெய்தான், ஆனால் பாதி மெய். வேளச்சேரி சாலையில் இருட்டில் ஒருவன் தனியாக ஓடினால் லாரிக்காரன் கண்ணில் படமாட்டான். பதினாறு பேர் ஓடினால் ஒருவேளை படலாம்! அந்த ஆசிரியை வாரத்தில் ஆறு நாள் தம் வீட்டு மொட்டை மாடியைத்தான் சுற்றி வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவருக்குத் தெரு. 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய காதரின் ஸ்விட்சர் என்ற பெண்ணை, நடத்துகிறவர் ஒருவரே பாதையிலிருந்து பிடித்து இழுத்து வெளியேற்றப் பார்த்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் 1984-ல்தான் வந்தது. இங்கே யாரும் பிடித்து இழுக்கவில்லை. பார்வையும் பைக்கும் நாயும் இருட்டும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

பந்தய நாளன்று விடியுமுன் நேப்பியர் பாலத்திலிருந்து புறப்பட்டோம். போலீஸார் வண்டிகளை மறித்து நிற்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் தண்ணீர் நீட்டுகிறார்கள். முன்பின் அறியாதவர்கள் கை தட்டுகிறார்கள். பாதசாரிக்கு அன்று ராஜ மரியாதை! முப்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் என் கால்கள் என்னை விட்டுப் போய்விட்டன. நடந்தேன், நொண்டினேன், மறுபடியும் ஓடினேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஐந்து மணி ஐம்பத்தொரு நிமிஷத்தில் முடிந்தன. எனக்குப் பின்னால் வந்த ஆசிரியை மெடலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். “கால் வலியா அம்மா?” என்றேன். “இல்லை சார், இன்றைக்குத்தான் ரோட்டில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்” என்றார்.

ஓடுகிற நண்பர்களே, என் சண்டை பெரியவரோடு அல்ல, உங்களோடுதான். காசு கட்டி ஒரு நாளைக்குச் சாலையை வாடகைக்கு எடுக்கிறோம். பனியனும் மெடலும் வாங்கிப் படம் எடுத்துக்கொள்கிறோம். மீதி முந்நூற்று அறுபத்துநாலு நாளும் அந்தச் சாலை யாருடையது என்று ஒரு கேள்வி கேட்டோமா? 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்ட பாதசாரிகள் 32,825 பேர். அவர்கள் மெடலுக்காக ஓடியவர்கள் அல்ல. கறிகாய் வாங்கப் போனவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள்.

ஃபௌஜா சிங்கை அறிவீர்கள். எண்பத்தொன்பதாவது வயதில் லண்டனில் முதல் மாரத்தான். 2011-ல், நூறு வயதில், டொரான்டோவில் ஒரு முழு மாரத்தான். அந்தக் கிழவரை லண்டனும் டொரான்டோவும் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பி வைத்தன. 2025 ஜூலையில் ஜலந்தருக்கு அருகே, தம் சொந்தக் கிராமத்துச் சாலையில் நடந்தபோது ஒரு கார் மோதிக் கொன்றுவிட்டது. வயது 114 என்றார்கள். காலனால் ஆகாததை ஒரு கார் செய்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், அந்த மே மாதம், தடையில்லாத நடைபாதை உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. சட்டம் சொல்லிவிட்டது. தெரு இன்னும் கேட்கவில்லை.

எந்த ஆபீசையும் ஏசுவதற்காக நான் இதை எழுதவில்லை. ஏசுவது சுலபம், நமக்கு அது பழக்கமும்கூட. மெடலும் கழுத்துமாக அன்று வீடு திரும்பிய நான் என் வாசலில் கால் இடறினேன். காரை ஏற்றுவதற்காக என் வீட்டிலிருந்து தெருவுக்குள் நாலடி நீளும் சிமெண்டுச் சரிவு அது. பத்து வருஷமாக என் சொந்தச் செலவில் கட்டி, என் சொந்தக் கௌரவமாக நினைத்திருந்தது. இரவில் அவ்வழியே வருகிறவன் அதைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்குத்தான் போகவேண்டும். எங்கள் தெருவில் அப்படிச் சரிவு இல்லாத வீடு இரண்டே இரண்டு. அதில் ஒன்று காலி மனை.

மறுவாரம் கொத்தனாரை அழைத்து வந்து அதை இடித்தேன். காரை இப்போது ஏற்றி இறக்குவது பிரயாசைதான். பெரியவர் வேடிக்கை பார்த்து நின்றார். “ஏன் சார், நன்றாகத்தானே இருந்தது?” என்றார்.

“பெரியவரே, யார் துரத்துகிறார்கள் என்று கேட்டீர்களே! நாம்தான்! நடக்கிறவனை நடுரோட்டுக்குத் துரத்துகிறவர்கள் நாம்தான்!” என்றேன்.

அவர் தம் வீட்டுச் சரிவை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அடுத்த ஞாயிறு எங்கள் கூட்டம் ஓடப் புறப்படுமுன், பதினைந்து வாசல்களையும் நான் போய்ப் பார்க்கப் போகிறேன். வேகத்தைப் பற்றிய பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்வோம்.