காட்டி எதனைக் காட்டுகின்றது?

தமிழாசிரியராகிய நாம் இரசாயனவியல் பேசப் புகுந்தமை கண்டு பழைய மாணவர் சிலர் முறுவலிக்கக்கூடும். எம்மை இதற்குள் இழுத்தவன் மாணவனொருவன். தன் செய்முறைக் குறிப்பேட்டை மொழி பார்த்துத் தருமாறு வெள்ளவத்தையிலுள்ள எம் இல்லத்துக்கு அவன் கொணர்ந்தான். 'சமவலுப் புள்ளி' என ஓரிடத்திலும் 'முடிவுப் புள்ளி' எனப் பிறிதோரிடத்திலும் ஒரே பொருளில் எழுதியிருந்தான். இரண்டும் ஒன்றா என வினவினோம். "ஒன்றுதான் சேர், பினோத்தலீன் போட்டாற் சரி" என்றான்.

ஒன்றல்ல. அமிலமும் மூலமும் மிச்சமின்றி ஒன்றையொன்று தீர்க்கும் நிலையே சமவலுப் புள்ளி. அது கண்ணுக்குப் புலனாவதில்லை. நாம் காண்பது காட்டி நிறம் மாறும் முடிவுப் புள்ளியை மாத்திரமே. காட்டியும் ஒரு மென்னமிலமோ மென்மூலமோதான். இரண்டு மூன்று துளிக்கு மேல் இடலாகாதென்பது அதனாலேயே. தனக்குரிய பீ.எச். எல்லையில் அது மாறும்; குடுவையிலுள்ள அமிலம் தீர்ந்ததோ இல்லையோ அதற்குக் கவலையில்லை. இவ்விரு புள்ளிகளும் நெருங்கி வருமாறு காட்டியைத் தெரிதல் வேண்டும்.

கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் வாங்கிய தென்னங்கள் வினாகிரியை எடுத்துக்கொள்வோம். அதன் அசற்றிக்கமிலம் 0.1 மூலர் ஆகுமாறு ஐதாக்கி, 25 கன சென்ரிமீற்றர் அளந்து, அதே செறிவுள்ள சோடியமைதரொட்சைட்டை அளவியிலிருந்து விடுகிறோம். சமவலுப் புள்ளியிற் பீ.எச். ஏறத்தாழ 8.7. பினோத்தலீன் 8.3 க்கும் 10 க்கும் இடையில் மாறுவது. ஆகவே 25 இலேயே விடை கிடைக்கும். மெதயில் செம்மஞ்சளோ 3.1 இல் மாறத் தொடங்கி 4.4 இல் மாறி முடிந்துவிடும். 8 கன சென்ரிமீற்றர் விடுமுன்னரே அது முற்றும் மஞ்சளாகி நிற்கும். அதை நம்பினால், நூற்றுக்கு 4 பங்கு அமிலமுள்ள வினாகிரி 1.2 பங்களவே உடையதெனத் தோன்றும். நேர்மையான வணிகன் நீர் கலந்தவனாகிவிடுவான்!

இம்மயக்கம் எங்கே பிறக்கிறது? முதற் செய்முறையிலேயே என்பது எமது கருத்து. ஐதரோகுளோரிக்கமிலத்தையும் சோடியமைதரொட்சைட்டையும் கொண்டே நியமிப்பைத் தொடங்குகின்றனர். அங்கே ஓரிரு துளியிற் பீ.எச். 4 இலிருந்து 10 வரை தாவுவதால் எந்தக் காட்டியும் சரியான விடையே தரும். மாணவன் கற்பது நியமிப்பையன்று. காட்டியைப் பற்றி எண்ணாதிருக்கும் பழக்கத்தையே. அமோனியாவை ஐதரோகுளோரிக்கமிலத்தோடு நியமிக்கையில் சமவலுப் புள்ளி 5.3 அளவில் விழும். பழக்கத்தால் அங்கும் பினோத்தலீனை இட்டால், அமோனியா தீருமுன்னரே நிறம் மங்கிப்போம். மென்னமிலமும் மென்மூலமுமாயின் எக்காட்டியும் பயன்படாது, பீ.எச். மானியையே நாட வேண்டும்.

ஆகவே செய்முறைத் தாளிற் காட்டியின் பெயரை ஆசிரியர் எழுதிக் கொடுத்தலாகாது. அவ்விடத்தை வெறுமையாக விடுக. மாணவன் தானே தெரிந்து, தெரிந்த காரணத்தை ஒரு வரியில் எழுதுவானாக. ஒரு முறையேனும் வினாகிரியோடு இரு காட்டிப் போத்தல்களையும் அவன் முன் வைத்துத் தவறவும் விடுக. பாடவேளை போதாதென்பர். ஒரே நியமிப்பை மும்முறை செய்வித்துச் சராசரி காண்பதற்கு வேளை இருக்கிறதே! அம்மூன்றில் ஒன்றை இதற்குக் கொடுக்கலாம். காட்டிகள் கிடையாத சிறு பாடசாலைகளில் மஞ்சளே ஓரளவு உதவும். அது காரப் பக்கத்திற் சிவப்பது. ஆலாத்தித் தட்டில் மஞ்சள் நீருக்குச் சுண்ணாம்பிடும் எம் தாய்மார் இதனை நன்கறிவர்.

அம்மாணவனுடைய குறிப்பேட்டில் ஒரு சொல்லையும் நாம் திருத்தவில்லை. மெதயில் செம்மஞ்சளையும் இட்டுப் பார்த்து, இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு வருமாறு கூறித் திருப்பியனுப்பினோம்.