அந்தப் பன்னிரண்டு பேர்

வாஸ்கோ ட காமா என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பள்ளிப் பாடப்புத்தகமும் 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த கப்பலும்தான். அந்த மாலுமியின் பெயரில் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ நகரில் ஒரு கால்பந்து கிளப் இருக்கிறது. ஒரு காலனியவாதியின் பெயரைச் சுமக்கும் கிளப்பிடம் நமக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கீழ்ப்பிரிவில் கிடந்த அந்தக் கிளப் மேலே ஏறியபோது அதற்கு என்ன நடந்தது என்று படித்துப் பாருங்கள். உங்கள் கல்லூரியும் நாளை நீங்கள் வேலைக்குச் சேரப்போகும் அலுவலகமும் அதில் தெரியும்.

பிரேசிலில் அடிமைமுறையைச் சட்டம் ஒழித்தது 1888இல். பத்து ஆண்டுகள் கழித்து, ரியோவில் குடியேறியிருந்த போர்த்துகீசியர்கள் படகுப் போட்டிக்காகத் தொடங்கிய கிளப் இது. கால்பந்துக்குத் தாமதமாகத்தான் வந்தது. 1916இல் மூன்றாம் பிரிவில் ஆடிய முதல் ஆட்டத்தில் 10-1 என்று தோற்றது.

அன்று ரியோவில் கால்பந்து பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு. ஃப்ளூமினென்ஸே, ஃப்ளமெங்கோ, போட்டாஃபோகோ போன்ற பெரிய கிளப்புகளில் மாணவர்கள், வக்கீல்கள், வியாபாரக் குடும்பத்து வாரிசுகள் ஆடினார்கள். ஆலைத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்ட பாங்கு கிளப்பைப் போல ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு. வாஸ்கோ தன் ஆட்களைத் தேடிப்போனது புறநகர் மைதானங்களுக்கு. கோல்கீப்பர் நெல்சன் டாக்சி ஓட்டியவர். நிக்கோலினோ துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். செசி சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர். கறுப்பர்களும் கலப்பினத்தவரும் ஏழை வெள்ளையர்களும் ஒரே சட்டை போட்டு ஆடினார்கள். உருகுவேயிலிருந்து வந்த ரமோன் பிளாட்டேரோ அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

1922இல் அந்த அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. மறு ஆண்டு மேல்பிரிவு. அங்கே முதல் ஆண்டிலேயே சாம்பியன். தொடர் முழுவதிலும் ஒரே ஒரு தோல்விதான், ஃப்ளமெங்கோவிடம்.

கீழே இருந்தவரை அவர்களை யாரும் பொருட்படுத்தவில்லை. கோப்பையைத் தூக்கிய பிறகுதான் கேள்விகள் கிளம்பின.

1924இல் பெரிய கிளப்புகள் பழைய லீக்கை விட்டு வெளியேறிப் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கின. வாஸ்கோவும் சேரலாம், ஆனால் பன்னிரண்டு ஆட்டக்காரர்களை நீக்கிவிட்டு வரவேண்டும் என்றன. அந்த நிபந்தனையில் நிறம் என்ற சொல்லே கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள் தோழர்களே. பேசப்பட்டதெல்லாம் தொழிலும் எழுத்தறிவும்தான். ஆட்டக்காரர் என்ன வேலை செய்கிறார், அது கௌரவமான வேலையா, படிவத்தைத் தானே நிரப்பிக் கையெழுத்துப் போடத் தெரியுமா? கிளப்புக்குச் சரியான மைதானம் இல்லை என்பது இன்னொரு குறை. எல்லாமே பொதுவான விதிகள், எல்லோருக்கும் பொருந்தும் விதிகள்! ஆனால் போன தலைமுறைவரை அடிமையாக வைத்திருந்த மக்களின் பிள்ளைகளிடம் கையெழுத்தைக் கேட்டால், யார் வெளியே நிற்பார்கள் என்று கேட்பவருக்குத் தெரியாதா? அதே நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 1985 வரை வாக்குரிமையே இல்லை.

'உங்கப்பா என்ன வேலை பார்க்கிறார்?' என்று விடுதியில் சேர்ந்த முதல் நாள் உங்களிடம் கேட்டிருப்பார்கள். 'ரேங்க் எத்தனை?' என்றும் கேட்டிருப்பார்கள். சாதி என்ற சொல் வாயில் வராது. தேவையும் இல்லை.

1924 ஏப்ரல் 7ஆம் தேதி வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகஸ்டோ பிரெஸ்டெஸ் புதிய சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். சுருக்கமான கடிதம்தான். இந்தப் பன்னிரண்டு பேரும் வாழ்க்கையைத் தொடங்கும் இளைஞர்கள், கிளப்புக்குப் பட்டம் வாங்கித் தந்தவர்கள், அவர்களை நீக்குவதற்கு எங்களால் உடன்பட முடியாது, ஆகவே உங்கள் சங்கத்தில் சேர்வதைக் கைவிடுகிறோம் என்பது அதன் சாரம். வாஸ்கோ பெரிய ஆட்டங்களை இழந்தது. பழைய லீக்கிலேயே தங்கி அந்த ஆண்டுப் பட்டத்தையும் வென்றது. 1925இல் புதிய சங்கம் அதைச் சேர்த்துக்கொண்டது. மைதானம் இல்லை என்றவர்களுக்கும் பதில் கிடைத்தது. உறுப்பினர்களும் ஆதரவாளர்களும் பணம் திரட்டிக் கட்டிய சாவோ ஜானுவாரியோ அரங்கம் 1927 ஏப்ரல் 21இல் திறக்கப்பட்டது. பிரேசிலின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1940 மே தினத்தில் அறிவிக்கப்பட்டதும் அதே அரங்கத்தில்தான்.

வாஸ்கோவைப் புனிதமாக்க வேண்டாம். அதை நடத்தியவர்களில் கடைமுதலாளிகள் இருந்தார்கள். ஊதியம் தரக்கூடாது என்ற விதியிருந்த காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்தார்கள். நீதியை விட வெற்றி மீதுதான் அவர்களுக்கு ஆசை அதிகம் என்று சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன். ஆனாலும் பன்னிரண்டு பேரை விற்றுத் தன் இடத்தை வாங்கிக்கொள் என்ற பேரம் வந்தபோது முடியாது என்றார்கள். அது போதும்.

அதே 1923இல் நம் நாட்டில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல்வங்கர் பாலூ, சமார் சாதியில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர். பூனாவில் அவர் பந்துவீச்சு வேண்டும், ஆனால் தேநீர் மட்டும் வெளியே, தனிக் குவளையில். பம்பாய்ப் போட்டிகளில் இந்து அணிக்கு ஆட்டங்களை வென்று தந்த அவருக்குக் கேப்டன் பதவியை முறைப்படி கடைசிவரை தரவில்லை. 1920இல் அவர் தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து அணியிலிருந்து விலகினார்கள். அதன் பிறகுதான் கதவு அசைந்தது. 1923இல் விட்டல் கேப்டன் ஆனார், இந்து அணி கோப்பையை வென்றது.

ரியோவில் முடியாது என்று சொன்னது கிளப். இங்கே அதைச் சொன்னது அவமானப்பட்டவரின் தம்பிகள். அணி வாய் திறக்கவில்லை. இந்த வேறுபாடுதான் என்னை உறுத்துகிறது. ஒடுக்கப்பட்டவர்தான் எப்போதும் தன் இடத்தைப் பணயம் வைக்கவேண்டுமா? கூட ஆடிய மற்றவர்கள் எதைப் பணயம் வைத்தார்கள்?

நீங்கள் மேலே ஏறுவீர்கள். பட்டம் வாங்குவீர்கள், சங்கத்தில் பொறுப்புக்கு வருவீர்கள், தேர்வுக் குழுவில் உட்காருவீர்கள். அன்று உங்கள் முன்னாலும் ஒரு பட்டியல் வரும். இவருக்கு ஆங்கிலம் வராது, அவர் பேச்சு கரடுமுரடு, அந்தத் துப்புரவுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையை மேடையில் ஏற்றினால் சரிப்படாது, நீங்கள் மட்டும் வாருங்கள் என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள், நாற்காலியும் போடுவார்கள். உட்காருவதற்கு முன் அந்தப் பட்டியலை வாங்கி ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அதில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிறகு பதில் எழுதுங்கள்.